புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தீத்தடுப்புக் கோடு: எங்கே, எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின் மாநிலத்தின் தெற்குப் பகுதியில் 30 ஏக்கர் நிலம். அதில் 18 ஏக்கர், பழைய வயலில் விதை தூவி மீட்டெடுத்த உயர்புல் பிரெய்ரி, அதாவது இயற்கைப் புல்வெளி. மேற்கிலும் வடக்கிலும் 12 ஏக்கர் ஓக் காடு. கிழக்கே சரளைச் சாலை, தெற்கே பக்கத்து விவசாயியின் மக்காச்சோள வயல். வரும் வசந்தத்தில் முதல்முறையாகப் புல்வெளியைத் திட்டமிட்டு எரிக்கப்போகிறீர்கள். புல்லும் மரங்களும் சந்திக்கும் கோட்டில் 10 அடி அகலத்துக்குப் புல்லை வெட்டினால் போதுமா, 20 அடி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகலத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இடத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் சொல்லும் அந்தக் கோடுதான் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி எரியும் பொருளை அகற்றி வைக்கும் பட்டை) போட இருப்பதிலேயே மோசமான இடம். வரைபடத்தில் அது இயல்பான எல்லையாகத் தெரியும், அதனால் முதல்முறை எரிப்பவர்கள் எல்லோருமே பேனாவை அங்கேதான் வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பல வருடம் எரிப்புக் குழுக்களோடு வேலை செய்த பிறகு என் முடிவு இது: கோட்டைக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போங்கள். அதற்கு வழியில்லை என்றால் புல்வெளிக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் மட்டும் வேண்டாம்.

ஏன் என்று தெரிய ஒரு மாலை அங்கே போய் நின்று பாருங்கள். புல்வெளியின் நடுவில் எரிவதற்கு இருப்பது ஒரே வகைப் பொருள்: ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ். காட்டின் உள்ளேயும் அப்படித்தான், தரையோடு படிந்த ஓக் சருகு. இரண்டும் சேரும் 30, 40 அடியில்தான் எல்லாம் கலந்து கிடக்கும். வெயில் பக்கவாட்டில் விழுவதால் சுமாக்கும் பிளாக்பெர்ரி முட்புதரும் அங்கே அடர்ந்து வளரும். வெளிச்சத்தைத் தேடி நீண்ட ஓக் கிளைகள் புல்லின்மேல் தாழ்ந்து தொங்கும், அவற்றில் பல பட்டுப்போனவை. காற்று அள்ளிக்கொண்டு வந்த சருகு புதரடியில் குவிந்திருக்கும். இடையிடையே பறவை எச்சத்திலிருந்து முளைத்த ரெட் சீடர். பெயரில் சீடர் என்று இருந்தாலும் அது ஜூனிபர் என்னும் ஊசியிலை மர இனம். இலையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பச்சையாக நிற்கும்போதே குப்பென்று பற்றிக்கொள்ளும். தரைத் தீ மரத்தின் மேல் ஏறுவதற்கு ஏணி எங்கே சாத்தி வைத்திருக்கிறதோ, அங்கே போய்த் தீயை நிறுத்தப் பார்ப்பது சரியாக வராது.

அங்கே நிற்கப்போகும் ஆட்களையும் நினைத்துப் பாருங்கள். முகத்துக்கு நேரே உயர்புல்லின் சுவாலை, முதுகுக்குப் பின்னால் நுழைய முடியாத முள். பொறி ஒன்று பறந்து பின்னால் விழுந்தால் புதருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும், முதுகில் 5 கேலன் தண்ணீர்ப் பையோடு உள்ளே போவதற்குள் அது கை மீறிவிடும். அந்தத் தண்ணீர் மட்டுமே 40 பவுண்டுக்கு மேல். காற்று திரும்பினால் அவர் ஒதுங்க வழியும் கிடையாது.

மூன்றாவது காரணம் என் மனதுக்கு நெருக்கமானது. இந்தப் பகுதியில் காடும் புல்வெளியும் இப்படி வேலி போட்டதுபோல் பிரிந்து கிடந்ததே இல்லை. 1830களில் தொடங்கி அரசு நில அளவையாளர்கள் இங்கே சங்கிலி பிடித்து நடந்தபோது, புல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஓக் மரங்களைக் கண்டு ‘ஓக் ஓப்பனிங்ஸ்’ என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அன்றைய விஸ்கான்சினில் அப்படிப்பட்ட ஓக் சவானா ஏறத்தாழ 55 லட்சம் ஏக்கர் இருந்தது என்பது தாவரவியலாளர் ஜான் கர்டிஸின் கணக்கு. இன்று அது கைவிரல் விட்டு எண்ணும் துண்டுகளாகச் சுருங்கிவிட்டது. ஹோ-சங்க், பொட்டவாட்டமி போன்ற பூர்வகுடி மக்கள் மூட்டிய தீ புல்லில் வேகமாக ஓடி, மரநிழலுக்குள் போனதும் தணிந்து, தானாக அணையும். அந்த மெல்லிய இறக்கம்தான் சவானாவை உண்டாக்கியது. நாம் ஒவ்வொரு வருடமும் காட்டோரத்திலேயே தீயை நிறுத்தினால், அந்த விளிம்பில் தீ படாத ஒரு பட்டை உருவாகி, புதர் அதில் சுகமாக வளர்ந்து, வருடம் சில அடி புல்வெளிக்குள் வந்துகொண்டே இருக்கும். எதைக் காப்பாற்ற எரிக்கிறோமோ அதை நம் கோடே தின்றுவிடும். தடித்த தக்கைப் பட்டை கொண்ட பர் ஓக் மரத்துக்குச் சருகுத் தீயால் பெரிய கேடு வராது. தீ இல்லாததால் கீழே முளைத்து நிற்கும் மேப்பிள் கன்றுகள்தான் அதற்கு உண்மையான எதிரி.

ஆகவே உங்கள் நிலத்தில் நான் செய்யக்கூடியது இதுதான். காட்டுக்குள் மான் பாதையோ, பழைய வண்டித்தடமோ, ஓடையோ இருக்கிறதா என்று தேடுவேன். விளிம்பிலிருந்து 100 அடி உள்ளே இருந்தாலும் சரி, 300 அடி உள்ளே இருந்தாலும் சரி, அதுவே கோடு. நிலம் காட்டை நோக்கி மேடாக ஏறினால், கோட்டை மேட்டின் உச்சிக்கு அப்பால், இறக்கம் தொடங்கிய பிறகு போடுவேன். தீ ஏற்றத்தில் வேகம் பிடிக்கும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே தீ நடக்க ஆரம்பித்துவிடும். நடக்கும் தீயைப் பிடிப்பது எளிது.

காட்டுக்குள் கோடு போடுவது புல்வெளியில் போடுவதைவிட எளிது என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. உயர்புல்லில் காற்றோடு ஓடும் தீயின் சுவாலை 10 அடியைத் தாண்டும். அதே நாளில் மரத்தடிச் சருகில் ஊரும் தீ கணுக்காலிலிருந்து முழங்கால் வரைதான் வரும். அதனால் அங்கே 4 முதல் 6 அடி அகலத்துக்குச் சருகை ஒதுக்கி மண் தெரியச் செய்தால் பெரும்பாலும் போதும். முதுகில் மாட்டும் லீஃப் புளோவர் (சருகு ஊதும் கருவி) இருந்தால் இரண்டு பேர் ஒரு காலையில் வெகுதூரம் போய்விடலாம். முன்னே போகிறவர் மேலாகக் கிடக்கும் சருகை ஊதித் தள்ள, பின்னே வருகிறவர் மக்கிப்போன அடிச்சருகை ஊதி மண்ணைக் காட்டட்டும். சருகை எரியப்போகும் பக்கம் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். உள்பக்கம் குவித்தால் கோட்டை ஒட்டியே ஒரு நீளக் குவியல் எரியும். ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாகச் சிதறவிடுங்கள். எரிக்கும் நாள் காலையில் இன்னொரு முறை ஊத வேண்டும். ஓக் மரங்கள், முக்கியமாக இளசுகள், காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்கக் கிளையில் வைத்திருந்து வசந்தம் வரை உதிர்த்துக்கொண்டே இருக்கும். நேற்று சுத்தமாக இருந்த கோட்டின் நடுவே இன்று நாலு இலை வரிசையாகக் கிடந்தால், தீ நடந்து வர அது பாலம் ஆகிவிடும்.

ஓடையைக் கோடாக வைத்தால் அதன் முழு நீளத்தையும் நடந்து பாருங்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் சருகு அடைத்திருக்கும். குறுக்கே விழுந்த மரம் ஒன்று போதும், தீ அதன்மேல் ஊர்ந்து மறுகரைக்குப் போய்விடும்.

கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பட்ட மரங்களுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். உள்ளே பொந்து விழுந்த ஓக், அடியில் தீ நுழைந்தால் புகைக்கூண்டு மாதிரி இழுக்கும். உச்சியிலிருந்து கங்குகளை மணிக்கணக்கில் உமிழும். கோட்டிலிருந்து மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு பட்ட மரத்தையும் நாடா கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வெட்டித் தள்ள வேண்டாம். அடியைச் சுற்றி 5, 6 அடி வட்டத்துக்குச் சருகை வாரிவிட்டால் பல மரங்கள் தப்பிக்கும். பட்டை உரிந்து தொங்கும் பட்ட மரங்களில்தான் நார்தர்ன் லாங்-இயர்ட் வௌவால் போன்ற அருகிவரும் உயிரினங்கள் கோடையில் குடியிருக்கும். உண்மையிலேயே ஆபத்தானதை மட்டும் குளிர்காலத்தில் வெட்டுங்கள். உயிருள்ள ஓக்கின் கிளைகளைக் கழிப்பதாக இருந்தாலும் குளிர்காலம்தான். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஓக் மரத்தில் புதுக் காயம் பட்டால், வண்டுகள் அந்த வாசனைக்கு வந்து ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். கோடு சுத்தம் செய்யப்போய் மரத்தைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, காட்டுக்குள் கொண்டுபோக முடியாத நிலைமையும் உண்டு. உள்ளே வீடு இருக்கலாம், காட்டின் அந்தப் பகுதி இன்னொருவருடையதாக இருக்கலாம், தீயைத் தாங்காத மேப்பிளும் பாஸ்வுட்டும் நிறைந்த பள்ளத்தாக்காக இருக்கலாம், அல்லது ரெட் சீடர் சுவர்போல் நிற்கலாம். அப்போது கோட்டைப் புல்வெளிக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். காட்டோரத்திலிருந்து குறைந்தது 50 அடி வெளியே, வண்டி ஓடுகிற மாதிரி நேராக. இடையில் எரியாமல் நிற்கும் பட்டையைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். குளிர்காலத்தில் புதரை வெட்டிச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அதையும் சேர்த்து எரிக்கலாம்.

இப்போது அகலம். 10 அடியா 20 அடியா என்ற கேள்விக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: புல்வெளித் தீ ஓடி வந்து கோட்டில் முட்டி நின்றுவிடும் என்ற எண்ணம். 10 அடிச் சுவாலை காற்றில் சாய்ந்து வரும்போது 20 அடிப் பட்டை அதை நிறுத்தாது. வெட்டிய பட்டை, நாம் கையிலெடுத்த சின்னத் தீயைப் பற்றவைக்கப் பாதுகாப்பான ஓர் ஓரம். அதன் உள்பக்கத்தில் காற்றுக்கு எதிராக மெதுவாக எரிய விட்டுக் கரிந்த பட்டை ஒன்றை உண்டாக்குகிறோம். பெரிய தீயை நிறுத்துவது அந்தக் கரிதான். காற்றுக்கு எதிராகப் போகும் தீயின் சுவாலை ஓரிரு அடிதான் இருக்கும், அதற்கு வெட்டிய பட்டை 10, 15 அடி இருந்தால் தாங்கும். ஓரத்தில் ஈரமும் அடித்து வைத்தால் இன்னும் நல்லது. கரிந்த பட்டையோ காற்று போகும் திசையில் உயர்புல்லுக்கு 50 அடியிலிருந்து 100 அடி வரை வேண்டும். ஜூனிபர் மண்டிய டெக்சஸ் நிலங்களில் 500 அடி வரை கரிக்கச் சொல்வார்கள். அந்த மரத்தின் பொறி அவ்வளவு தூரம் பறக்கும் என்பதால்தான். உங்கள் காட்டோரத்து ரெட் சீடர்களைக் கொஞ்சமும் இளக்காரமாக நினைக்காதீர்கள்.

புல்லை எப்போது வெட்டுகிறீர்கள் என்பது அகலத்தைவிட முக்கியம். நான் சேர்ந்த ஒரு குழு, ஆரம்ப காலத்தில், எரிப்பதற்கு ஒரு வாரம் முன்பு 12 அடிப் பட்டை வெட்டியது. வெட்டிய வைக்கோலை வாராமல் விட்டுவிட்டோம். மேலே சுவாலையே தெரியவில்லை. தீ அந்த வைக்கோலுக்கு அடியில் கனன்றுகொண்டே ஊர்ந்து, வெகு நேரம் கழித்து மறுபக்கம் சுமாக் புதரடியில் புகையாக எழும்பியது. கோட்டின் கடைசியில் நின்ற பெண் ஒருவர் திரும்பிப் பார்த்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து நான் கோட்டை ஆகஸ்டு கடைசியில் அல்லது செப்டம்பரில் வெட்டுகிறேன், வெட்டியதை வாரி அப்புறப்படுத்துகிறேன். இலையுதிர்காலத்தில் அங்கே குளிர்பருவப் புல் பச்சையாகத் துளிர்க்கும், வசந்தத்தில் சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க, கோடு மட்டும் பச்சையாக நிற்கும். நிரந்தரக் கோடு என்றால் வெள்ளைக் குளோவர் விதைக்கலாம். டிராக்டர் வைத்து உழுதுவிடலாமே என்று தோன்றும். பழைய வயலில் ஒரு பட்டையை உழுவதில் பெரிய பாவம் இல்லை, ஆனால் சரிவில் மண் அரிக்கும், களை வரும். இதுவரை ஏர் படாத பிரெய்ரித் துண்டு உங்கள் நிலத்தில் எங்காவது இருந்தால் அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்த வேர்ப்படுகை திரும்பி வராது.

கோட்டின் வடிவத்தையும் கவனியுங்கள். கூர்மையான மூலைகளில் இரண்டு பக்கத்து வெப்பமும் ஒன்று சேரும், தீ தப்புவது பெரும்பாலும் அங்கேதான். மூலைகளை வளைத்துப் போடுங்கள். காட்டோரம் வளைந்து நெளிந்து புல்லுக்குள் நாக்கு நீட்டியிருந்தால் அந்த நெளிவைப் பின்பற்றாதீர்கள், நாக்கை உள்ளே சேர்த்தோ வெளியே விட்டோ நேராக வெட்டிவிடுங்கள்.

அடுத்தது காற்று. உங்கள் நிலத்தின் அமைப்புக்கு வடமேற்குக் காற்று ஏற்றது. அது தீயைக் காட்டிலிருந்து விலக்கி, தெற்கு வயலையும் கிழக்குச் சாலையையும் நோக்கித் தள்ளும். அப்படியானால் முதலில் கரிக்க வேண்டியது தென்கிழக்கு மூலை. அங்கிருந்து வயல் ஓரமாகவும் சாலை ஓரமாகவும் இரண்டு குழுக்கள் மெதுவாக ஏறி வர வேண்டும். புகை சாலைக்குப் போகும், அதனால் எச்சரிக்கைப் பலகையும் ஆட்களும் அவசியம். வயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுவடையான வயல் என்றதும் வெறும் மண் என்று நினைத்துவிடாதீர்கள். உழாமல் விட்ட மக்காச்சோளத் தாள் நன்றாகவே எரியும், காற்றில் வெகுதூரம் ஓடும். சோயா அறுத்த வயலில் அவ்வளவு பொருள் மிஞ்சாது. பக்கத்து விவசாயி எந்த வருடம் சோயா போடுகிறார் என்று கேட்டு அதற்கேற்ப எரிக்கும் வருடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு, அது நல்ல யோசனை.

வடமேற்குக் காற்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று காட்டின் தலைக்கு மேல் வந்து புல்வெளியில் இறங்கும்போது, மரங்களுக்கு ஒட்டிய பகுதியில் சுழலும். வானிலை அறிக்கை வடமேற்கு என்று சொல்லும், காட்டோரத்தில் உங்கள் முகத்திலோ தெற்குக் காற்று அடிக்கும். மரத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு இந்தக் குழப்பம் நீளும். எனவே காட்டோரப் புல்லைக் கடைசியாகத்தான் பற்றவைக்க வேண்டும், அதுவும் காற்று போய்ச் சேரும் பக்கம் முழுவதும் கரிந்த பிறகு. பற்றவைக்கும் முன் சோதனைத் தீ ஒன்று போட்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். இன்னொரு விஷயம், தேசிய வானிலை சேவை தீக்காக வெளியிடும் காற்று வேகம் 20 அடி உயரத்தில் உள்ளது. கண்மட்டத்தில் உங்கள் கைக்கருவி காட்டுவது அதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு காற்று குறைவு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

முதல் எரிப்புக்கு நான் பார்க்கும் நிலைமை: காற்று மணிக்கு 5 முதல் 12 மைல், திசை மாறாமல், காற்றின் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம். 5 மைலுக்குக் கீழே போனால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், ஆனால் அப்போதுதான் காற்று திசை தெரியாமல் அலையும். ஈரப்பதம் 40க்கு மேல் இருக்கும்போது பறந்த பொறி பெரும்பாலும் பற்றாமல் அணைந்துவிடும், 25க்குக் கீழே போனால் எங்கே விழுந்தாலும் பிடிக்கும். சுருண்ட ஓக் இலை எரிந்துகொண்டே மிதந்து போகும் என்பதால் காட்டோரத்தில் இந்த எண்கள் இன்னும் முக்கியம். பிற்பகலில் ஈரப்பதம் இறங்கிக்கொண்டே போகும். காலையில் 50 என்று பார்த்துத் தொடங்கிய தீ மூன்று மணிக்கு வேறு தீயாக மாறியிருக்கும்.

இந்த நிலத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ஒரே வருடத்தில் இரண்டு தவணையாக எரியுங்கள். நவம்பரில் இலை உதிர்ந்த பிறகு, காற்றில்லா நாளாக அல்லாமல் சீரான மெல்லிய காற்றுள்ள நாளாகப் பார்த்து, காட்டுச் சருகை மட்டும் எரியுங்கள். ஒரு பக்கம் காட்டுக்குள் ஊதிய கோடு, மறுபக்கம் செப்டம்பரில் வெட்டிய புல்பட்டை. முழங்காலுக்குக் கீழே நிற்கும் தீ, பகல் குறுகிய நாள், சாயங்காலம் ஈரம் ஏறித் தானே அடங்கும். அடுத்த மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ புல்வெளியை எரிக்கப் போகும்போது, மேற்கிலும் வடக்கிலும் உங்களுக்கு இருப்பது 10 அடிக் கோடு கிடையாது. ஏற்கெனவே சருகு எரிந்து முடிந்த மொத்தக் காட்டோரமே கோடு. இடையில் உதிர்ந்த புது இலைகளைப் பார்த்து, மீண்டும் ஒரு தடவை ஊதிக்கொண்டால் போதும். வெட்டிய அந்தப் பட்டை முதல் முறைக்குப் பிறகு தேவைப்படாமலே போகலாம், அதில் அந்த ஊர்ப் புல்லையும் பூவையும் விதைத்து மூடிவிடலாம்.

நவம்பரில் நேரம் அமையவில்லை என்றால் பருவத்தின் உதவியைக் கேளுங்கள். காய்ந்த புல் மெல்லியது, மழை நின்று சில மணி நேர வெயிலில் எரியத் தயாராகிவிடும். நிழலில் படிந்த சருகு பல நாள் ஈரமாகவே இருக்கும். பனி உருகியதும் திறந்த வெளியில் புல் காய்ந்து, மரநிழலில் இன்னும் பனித் திட்டுகள் கிடக்கும் நாட்கள் சில வரும். அப்போது காட்டோரக் கரிப்பட்டையை எரித்து வைத்துக்கொண்டால் பிறகு நிம்மதி. ஆனால் கையால் சருகைப் பிடித்து நொறுக்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள். வசந்தத்தில் ஓக் மரத்தில் இலை இல்லை, வெயில் நேரே தரையில் விழும். உங்கள் வடக்குக் காட்டின் விளிம்பு தெற்கு வெயிலைப் பார்த்து நிற்பதால் அது மற்ற இடங்களுக்கு முன்பே காய்ந்துவிடும்.

வெட்டிய புதரையும் சீடரையும் என்ன செய்வது? கோட்டோரம் மட்டும் குவிக்காதீர்கள். காய்ந்து சிவந்த சீடர் குவியல் பச்சை மரத்தைவிடக் கொடியது. பனி மூடிய நாளில் தனியாக எரித்துவிடுங்கள், எரித்த பிறகு சாம்பலைக் கிளறிக் கையால் சூடு பாருங்கள். 2022இல் நியூ மெக்சிகோவில் ஜனவரியில் எரித்த குவியல்களிலிருந்த நெருப்பு பனிக்கு அடியிலேயே உறங்கிக் கிடந்து ஏப்ரலில் எழும்பி, தப்பிய இன்னொரு திட்டமிட்ட எரிப்போடு சேர்ந்து, 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அது பைன் மலை, உங்கள் நிலம் வேறு. குவியலின் குணம் எங்கும் ஒன்றுதான்.

அப்புறம், 18 ஏக்கரையும் ஒரே வருடத்தில் எரித்துவிடாதீர்கள். ரீகல் ஃபிரிட்டிலரி பட்டாம்பூச்சியின் புழு, பொரித்ததும் ஒன்றும் உண்ணாமல் புல்லடிக் குப்பையில் குளிர்காலத்தைக் கழிக்கும். முழு நிலமும் எரிந்தால் அந்த இடத்தில் அதன் கதை முடிந்தது. விஸ்கான்சினில் அது அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் இருக்கிறது. புல்வெளியை மூன்றாகப் பிரித்து வருடம் ஒன்றாக எரியுங்கள். அந்தப் பிரிவுக் கோடுகளை இப்போதே தீர்மானித்தால், ஒரே கோடு இரண்டு பிரிவுக்கும் பயன்படும். நடமாடவும் விதை சேகரிக்கவும் அதுவே பாதையாகும்.

அனுமதி, காப்பீடு, உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கும் பக்கத்து வீட்டாருக்கும் தகவல், இவற்றையெல்லாம் மாநில இயற்கை வளத் துறையிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முதல் எரிப்பை நீங்களே தலைமை தாங்கி நடத்தாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, தீ வைக்கும் முன் அவரோடு கோட்டின் முழு நீளத்தையும் நடங்கள். ஒவ்வொரு பட்ட மரத்தையும் ஒவ்வொரு மூலையையும் காட்டுங்கள். அவர் ஓரிடத்தில் தயங்கி நின்றால் அந்த இடத்தில் கோட்டை மாற்றுங்கள்.

எரிந்து முடிந்ததும் புல்வெளி சீக்கிரம் ஆறிவிடும், காட்டோரம் ஆறாது. விழுந்த மரக்கட்டை, பழைய வேர், பொந்து எல்லாம் கனன்றுகொண்டிருக்கும். கோட்டிலிருந்து 100 அடி உள்ளே வரை புகையும் ஒவ்வொன்றையும் உடைத்து, தண்ணீர் ஊற்றி, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் சூடு பாருங்கள். இரவில் ஒரு முறை போனால் பகலில் தெரியாத கங்கு சிவப்பாகக் கண்ணில் படும். மறுநாள் காற்று எழும்பும் பிற்பகல் நேரத்தில் இன்னொரு முறை முழுக்க நடங்கள், அதற்கடுத்த நாளும் நடங்கள். போகும்போது நோட்டு ஒன்று கொண்டுபோங்கள். தீ கோட்டை எங்கே தொட்டுப் பார்த்தது, எங்கே இலை விழுந்து கிடந்தது, எங்கே மரப்பட்டையைச் சுவாலை கருக்கியிருக்கிறது என்று மரத்துக்கு மரம் குறித்துக்கொள்ளுங்கள். வரும் செப்டம்பரில் கோடு வெட்டப் போகும்போது அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.